வலி தெரியாத வீடு

நெருப்பு சுட்டால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறோம். முள் குத்தினால் நொண்டுகிறோம். 'இந்த வலி மட்டும் இல்லேன்னா எவ்வளவு நிம்மதி!' என்று சலித்துக்கொள்ளாதவர் யார்? ஆனால், வலியே தெரியாமல் போனவர்கள் பட்ட பாட்டைக் கேட்டால் அப்படிச் சொல்ல மாட்டோம்.

தொழுநோயைத்தான் சொல்கிறேன். இந்த நோயில் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். அப்படியல்ல என்று எடுத்துக்காட்டியவர், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட். நோயில் நரம்பு மரத்துப்போகிறது. சுடுவது தெரியாது, வெட்டுவது தெரியாது. காயத்தோடேயே வேலை செய்வதால்தான் விரல்கள் சேதமாகின்றன. சிலருக்கு இரவில் எலி கடித்ததுகூடத் தெரியவில்லை! அதனால் தம் நோயாளிகளைப் பூனை வளர்க்கச் சொன்னார் அவர்.

கப்பலில் வந்த அன்பு

பால் பிராண்ட் பிறந்தது 1914ல். சிறுவயதில் வளர்ந்தது நம் கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி, அம்மா எவ்லின் இருவரும் மலைமக்களுக்கு ஊழியம் செய்த கிறிஸ்தவத் தம்பதி. படிப்புக்காக ஒன்பது வயதில் பிள்ளையை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இடையில் கடல். என்ன செய்வது? அப்பா விடாமல் கடிதம் எழுதினார். மலையில் பார்த்த மரம், பூச்சி, பறவை எல்லாம் அந்தக் கடிதங்களில் இருக்கும்.

1929ல் மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி இறந்துபோனார். தந்தி உடனே போய்விட்டது. கடிதங்களோ கப்பலில் போக வேண்டும். அப்பா இல்லை என்று தெரிந்த பிறகும், அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பதினான்கு வயதுப் பையனுக்கு வந்துகொண்டிருந்தன.

அம்மா எவ்லினோ வயதான காலத்திலும் மலையை விடவில்லை. 1974ல், 95வது வயதில் காலமான அவரைக் கணவருக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

தொட்ட கை

பையன் டாக்டராகி 1946ல் வேலூர் வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். நம் காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். அங்கே விரல் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடி இரும்பாக இருந்தது. 'தசைக்குப் பலம் இருக்கிறதே, இந்தக் கையைச் சீராக்க முடியாதா?' என்று யோசித்தார். நல்ல தசைநாணை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சை அதிலிருந்துதான் வளர்ந்தது. அவர் கையைக் கவனிக்க, மனைவி டாக்டர் மார்கரெட் அதே நோயாளிகளின் கண்ணைக் கவனித்தார். ஆறு பிள்ளைகளையும் வளர்த்தார்கள்!

ஒரு நோயாளியின் தோளில் கை வைத்து பிராண்ட் பேசியபோது அவர் விம்மி அழுதாராம். காரணம்? பல வருஷமாக யாருமே அவரைத் தொட்டதில்லை. சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாடி போலவே ஸ்பரிசமும் ஒன்று. தொட்டுப் பார்ப்பது நோயை அறிய மட்டுமா? 'நான் இருக்கேன்' என்று சொல்லவும்தான்!

நம் வீட்டில்...

எந்த மதத்தவர் வீடானாலும் நரம்பு அன்புதான். அது மரத்துப்போனால் அடுத்தவருக்குப் பட்ட காயம் நமக்குத் தெரியாது. மூட்டுவலி என்று வரும் பெரியவர்களைக் கொஞ்சம் பேசவிட்டால், "எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க சார், எங்கிட்ட பேசத்தான் ஆளில்லை" என்பார்கள். தைலம் முட்டிக்குத்தான். அந்த வலிக்கு?

நம்ம ஊர் கோர்வைப் புடவையைப் பாருங்கள். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். பக்கத்தில் துணையாள் இல்லாமல் நெய்வது சிரமம். ஒருவர் கை தாமதித்தால் மற்றவர் காத்திருப்பார். கோபித்துக்கொண்டு இழுத்தால் கரை சேராது. குடும்பமும் அப்படித்தான்.

வீட்டில் செய்யக்கூடியவை:

* தினம் ஒரு வேளையாவது டி.வி., செல்போன் இல்லாமல் சேர்ந்து சாப்பிடுங்கள்.

* வெளியூரில் படிக்கும் பிள்ளையிடம் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். வாசல் வேப்பமரம் பூத்த சேதியையும் சொல்லுங்கள்.

* பெரியவர்களுக்குத் தைலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், நீங்களே தேய்த்துவிடுங்கள்.

* தோலில் வெளிறிய அல்லது சிவந்த, உணர்ச்சியில்லாத தேமல் இருக்கிறதா? மறைக்காதீர்கள். கைவைத்தியமும் வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசம். 6 முதல் 12 மாதத்தில் தொழுநோய் குணமாகும். அவரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தட்டைத் தனியே ஒதுக்காதீர்கள்.