நம் இரும்பைக் கிருமிகள் களவாடுவது எப்படி?

2009 செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் பிளேக் நோயால் இறந்தார். அவருக்கு வயது 60. அவர் ஆய்வகத்தில் கையாண்டதோ வீரியம் குறைக்கப்பட்ட பிளேக் கிருமி. உடலிலிருந்து இரும்பைப் பறிக்கும் திறன் அந்த வகைக்கு இல்லாததால், மனிதருக்கு அதனால் ஆபத்தில்லை என்றே கருதப்பட்டது. இறந்த பிறகு செய்த பரிசோதனையில்தான் ஒரு உண்மை வெளிப்பட்டது. உடலில் இரும்பு அளவுக்கு மீறிச் சேரும் ஹீமோகுரோமடோசிஸ் என்ற பரம்பரைக் கோளாறு அவருக்கு இருந்தது. பறிக்காமலே இரும்பு கிடைத்ததால் கிருமி மீண்டும் வீரியம் பெற்றிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் விளக்கம் தந்தனர்.

உடலின் காவல்

ஆற்றலை உண்டாக்கவும் மரபணுவைப் படியெடுத்துப் பெருகவும் ஏறக்குறைய எல்லா பாக்டீரியாக்களுக்கும் இரும்பு தேவை. வளர்ந்த மனிதரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. ஆனால், கிருமி எளிதில் எடுத்துக்கொள்ளும்படி அதை உடல் வெளியே விட்டுவைப்பதில்லை. சுமார் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களின் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி கல்லீரல் போன்ற இடங்களில் ஃபெரிட்டின் என்ற புரதத்துக்குள் சேமிக்கப்படுகிறது. ரத்தத்தில் பயணிக்கும் சிறிதளவு இரும்பையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பற்றியிருக்கிறது. கண்ணீர், உமிழ்நீர், தாய்ப்பால் ஆகியவற்றில் இதே வேலையை லாக்டோஃபெரின் செய்கிறது. சீம்பாலில் அது மிகுதி.

கிருமி நுழைந்துவிட்டால் காவல் இன்னும் கடுமையாகிறது. கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. குடல் இரும்பை ரத்தத்துக்கு அனுப்புவதையும், பழைய சிவப்பணுக்களைச் செரிக்கும் செல்கள் இரும்பை வெளிவிடுவதையும் அது தடுக்கிறது. சில மணி நேரத்திலேயே ரத்தத்தின் இரும்பளவு சரிகிறது.

களவின் வழிகள்

இத்தனை காவலையும் மீறப் பல வழிகளைக் கிருமிகள் வைத்திருக்கின்றன. முதல் வழி, இரும்பைக் கவ்விவரும் சைடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே அனுப்புவது. ஈ.கோலி, சால்மோனெல்லா ஆகியவை தயாரிக்கும் என்டரோபாக்டின் 1970இல் கண்டறியப்பட்டது. டிரான்ஸ்ஃபெரினின் பிடியிலிருந்தே இரும்பை உருவும் வலிமை அதற்கு உண்டு. நம் உடலும் சும்மா இருப்பதில்லை. வெள்ளணுக்கள் சுரக்கும் சைடரோகேலின் என்ற புரதம், இரும்போடு திரும்பும் என்டரோபாக்டினை இடைமறித்துப் பிடித்துக்கொள்கிறது. இதற்கும் சால்மோனெல்லாவிடம் பதில் இருக்கிறது: என்டரோபாக்டின் மீது சர்க்கரை மூலக்கூறுகளை ஒட்டிவிடுகிறது. அந்தப் புது வடிவம் சைடரோகேலினின் பிடியில் சிக்குவதில்லை. காசநோய்க் கிருமி வெள்ளணுவுக்குள்ளேயே குடியிருந்துகொண்டு மைக்கோபாக்டின் என்ற தனது சைடரோஃபோரால் இரும்பைச் சேர்க்கிறது.

கொனோரியா, மூளைச்சவ்வுக் காய்ச்சல் ஆகியவற்றை உண்டாக்கும் நைசீரியா கிருமிகளின் வழி வேறு. அவை தங்கள் மேற்பரப்பிலுள்ள புரதங்களால் டிரான்ஸ்ஃபெரினையே பிடித்து நிறுத்தி இரும்பைக் கழற்றுகின்றன. அந்தப் புரதங்களுக்கு மனித டிரான்ஸ்ஃபெரின் மட்டுமே பொருந்தும். இக்கிருமிகள் மனிதரை விட்டு வேறு விலங்குகளை நாடாததற்கு இதுவும் ஒரு காரணம். சீழ்க்கட்டிகளை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் நேராகச் சிவப்பணுவையே உடைக்கிறது. வெளியே கொட்டும் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பை எடுக்கிறது. லைம் நோயைத் தரும் பொரெலியாவோ இந்தப் போட்டிக்கே வருவதில்லை. இரும்பை அறவே தவிர்த்து மாங்கனீஸைக் கொண்டு காலம் தள்ளுகிறது.

மருந்தும் எச்சரிக்கையும்

கிருமியின் இந்தப் பசியையே மருத்துவம் பயன்படுத்திக்கொண்டது. 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற ஆன்டிபயாடிக், சைடரோஃபோர் போலவே இரும்பைப் பற்றிக்கொள்ளும். இரும்பு வருகிறதென்று கிருமி அதை உள்ளே இழுக்க, மருந்து வேலையைக் காட்டுகிறது. பல மருந்துகளுக்கு மசியாத கிருமிகளை ஒடுக்க இது உதவுகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. தலசீமியா நோயாளிகளுக்கு, அடிக்கடி ரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை வெளியேற்ற டெஸ்ஃபெரியாக்சமின் தரப்படுகிறது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிடமிருந்து பெற்ற சைடரோஃபோர்தான் அது. யெர்சினியா என்டரோகொலிட்டிகா என்ற குடல் கிருமி அதையே தன் இரும்பு வண்டியாக்கிக்கொள்ளும். அதனால் இந்த மருந்தை எடுப்பவர்களுக்குக் காய்ச்சலோடு வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் இரும்பு மாத்திரையைத் தூக்கி எறிய வேண்டாம். ரத்தசோகை உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது அவசியம். ஆனால், நீண்ட நாள் தொற்றிலும் ஹீமோகுளோபின் குறையும். அப்போது குறைவது பெரும்பாலும் உடலின் இருப்பல்ல. ஹெப்சிடின் அதை வெளியே விடாததுதான் காரணம். அந்த நேரத்தில் மாத்திரை விழுங்கினாலும் சரிவர உட்கிரகிக்கப்படாது. கடுமையான தொற்று இருக்கையில் இரும்பு ஊசியை மருத்துவர்கள் தள்ளிப்போடுவதும் இதனால்தான். காய்ச்சலில் கிடக்கும்போது 'ரத்தம் குறைந்துவிட்டது' என்று நாமாகவே மருந்துக்கடையில் வாங்கி விழுங்காமல், சோதித்துப் பார்த்து மருத்துவர் சொல்வதைக் கேட்பதே சரி.