மினிக்காய்த் தீபம்

குளச்சலுக்கு நேர் மேற்கே, முந்நூறு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் மினிக்காய்த் தீவு இருக்கிறது. பவளப் பாறைகளுக்குள் அடங்கிய காயலே அதன் துறைமுகம். அங்கே சுமார் 150 அடி உயரமுள்ள கலங்கரை விளக்கம் ஒன்று 1885-ஆம் வருஷத்திலிருந்து நின்று வருகிறது. நாஞ்சில் நாட்டாருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் சிலர் வினவலாம். நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதே நமது விடை.

அந்தத் தீபம் தீவு ஜனங்களின்மீது கொண்ட கருணையால் ஏற்றப்பட்டதன்று. 1862-இல் ‘கொழும்பு’ என்னும் பெயர் கொண்ட பிரிட்டிஷ் கப்பல் மினிக்காய்ப் பாறையில் மோதி உடைந்தது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தபின், ஏடனுக்கும் கொழும்புக்கும் இடையே செல்லும் கப்பல்கள் பெருகின. தங்கள் கப்பல்களையும் சரக்கையும் காக்கவே பிரிட்டிஷார் ஸ்தம்பம் எழுப்பினர். 1947-இல் தேசம் சுதந்திரம் பெற்ற பின்னரும் தீபம் அவர்கள் நிர்வாகத்திலேயே இருந்தது. வீடு நம்முடையது, வாசல் விளக்கு பிறருடையது என்னும் இந்த விநோத நிலை 1956-இல்தான் நீங்கிற்று. அதே வருஷம் நவம்பர் 1-ந் தேதி நாஞ்சில் நாடும் தமிழகத்தோடு சேர்ந்தது.

இன்று அக்கடலில் உழைப்போர் யார்? தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களின் மீனவர்கள் சுறாவையும் சூரையையும் நாடி வாரக்கணக்கில் அத்திசையில் தொழில் செய்கின்றனர். 2017 நவம்பர் 30-ந் தேதி குமரிக் கடலில் ஒக்கிப் புயல் மூண்டபோது, பல நாட்களுக்கு முன்பே புறப்பட்ட படகுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையில் வெளியான எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. லக்ஷத் தீவுகளில் ஒதுங்கிப் பலர் உயிர் தப்பினர். குமரி மாவட்டத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவேயில்லை.

கலங்கரை விளக்கம் கரை இருக்கும் திசையைச் சொல்லும். காற்று வரும் வேளையைச் சொல்லாது. இதனை நமது சட்டமே உணர்ந்திருக்கிறது. 1927-ஆம் வருஷத்துக் கலங்கரை விளக்கச் சட்டத்தை நீக்கி 2021-இல் இயற்றப்பட்ட புதுச் சட்டம், ஸ்தம்பத்தோடு நில்லாமல் கடற்பயணத்துக்கு உதவும் நவீன சாதனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டது. செயற்கைக்கோள் மூலம் புயற் செய்தியை நடுக்கடலுக்கே அனுப்பும் கருவிகளும் இன்று உண்டு. எனவே சாதனம் இல்லை என்று எவரும் சாக்குச் சொல்வதற்கில்லை.

அந்நியன் தன் சரக்கைக் காக்கப் பாறைத் தீவிலே தீபம் ஏற்றினான். நம்முடைய சர்க்கார் தன் பிரஜைகளின் உயிரைக் காக்க அதனினும் அதிகம் செய்யக் கடமைப்பட்டது. ஆழ்கடல் செல்லும் ஒவ்வொரு படகிலும் பழுதற்ற கருவி இருக்க வேண்டும். அதில் வரும் செய்தி மீனவருக்கு விளங்கும் தமிழில் இருக்க வேண்டும். படகு புறப்படுமுன் துறையிலேயே கருவியைச் சோதித்துப் பார்க்க வேண்டும். இம்மூன்றையும் நாம் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறோம். கடலோர ஊர்களின் பொதுஜன ஊழியர்கள் அடுத்த புயலுக்குக் காத்திராமல் இன்றே இதனை வற்புறுத்துவார்களாக.