குப்பை மேட்டில் டொலர்: காபன் வியாபாரத்தில் முதல் போடுமுன்

சில நாட்களுக்கு முன்னர் அஸர் தொழுகை முடிந்து காத்தான்குடி வாவிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம். ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "காக்கா, குப்பையிலரிந்து டொலர் எடுக்கலாம் எண்டு ஒருத்தர் வந்து சொல்றார். பத்துப் பேர் சேர்ந்து முதல் போடட்டாம். போடுவமா?" அவரிடம் அன்று சொன்னதைச் சற்று விரிவாக இங்கு எழுதுகிறேன். ஏனெனில் இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதல்ல.

சரக்கு என்ன?

மீன் கழிவு, மரக்கறிக் கழிவு, சோறு என்பன காற்றுப் படாமல் புதையுண்டு அழுகும்போது வாயு உண்டாகிறது. அதில் ஏறத்தாழப் பாதி மெதேன். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு தொன் மெதேன் சுமார் 28 தொன் காபனீரொட்சைட்டுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். குப்பை மேட்டில் கிணறுகள் துளைத்து, குழாய் வழியே அந்த வாயுவை உறிஞ்சி எரித்தாலோ, அதனால் மின்சாரம் உற்பத்தி செய்தாலோ அந்தத் தீங்கு பெருமளவு தடுக்கப்படுகிறது. இவ்வாறு தடுக்கப்பட்டதாகச் சுயாதீன கணக்காய்வாளர் உறுதிப்படுத்தும் ஒவ்வொரு தொன்னுக்கும் கிடைக்கும் சான்றிதழே காபன் கிரெடிட். விற்கப்படுவது வாயு அல்ல, அந்தச் சான்றிதழ்தான்.

சம்பாதித்தவர்கள்

2005ஆம் ஆண்டு பெப்ரவரியில் கியோட்டோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதன் தூய அபிவிருத்திப் பொறிமுறையில் முதன்முதலாகப் பதியப்பட்டதே ஒரு குப்பை மேட்டுத் திட்டம்தான்: 2004 நவம்பரில், பிரேசிலின் நோவாகெரார் திட்டம். அதே நாட்டின் சாவோ பாவுலோ மாநகர சபை 2007 செப்டம்பரில் 808,450 கிரெடிட்டுகளை ஏலத்தில் விட்டது. ஒன்று 16.20 யூரோ வீதம் விற்று, சுமார் ஒரு கோடியே முப்பது இலட்சம் யூரோ பெற்றது. நண்பரிடம் வந்தவர் காட்டியதும் இப்படிப்பட்ட கணக்குத்தான்.

அவர் சொல்லாத பாதி

2008இல் 20 யூரோவைத் தாண்டிய அதே கிரெடிட், 2012 முடியும்போது ஒரு யூரோவுக்கும் கீழே போனது. ஐரோப்பாவில் பொருளாதார மந்தம் வந்தது, சந்தையில் கிரெடிட்டுகள் குவிந்தன. 2013 முதல் பதியப்படும் புதிய திட்டங்களில், மிகவும் பின்தங்கிய நாடுகளின் கிரெடிட்டுகளை மட்டுமே ஏற்பதென ஐரோப்பிய ஒன்றியம் தீர்மானித்தது. அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. நெல் விலை விழுந்தால் களஞ்சியத்தில் வைத்திருக்கலாம். வாங்குவோர் இல்லாத சான்றிதழை வைத்து என்ன செய்வது?

நமது ஊருக்குச் சரிவருமா?

வாயு தேற வேண்டுமானால் மேடு ஆழமாகவும், மண்ணால் மூடப்பட்டும், பெரிதாகவும் இருக்க வேண்டும். வாவியோரத்துச் சிற்றூர்களின் குப்பை மேடுகளோ தாழ்வானவை, திறந்தவை, அடிக்கடி தீப்பிடிப்பவை. ஏறாவூர்ப்பற்றின் கொடுவாமடுவில் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் அமைந்தது போன்ற முறையான நிலநிரப்பே இத்தொழிலுக்கு அடிப்படை. மூடாமலும் முறையின்றியும் குவித்தால் என்ன நடக்கும் என்பதை 2017 ஏப்ரல் 14இல் மீதொட்டமுல்லையில் 32 உயிர்களைக் கொடுத்து நாடு கண்டது.

அடுத்து, குப்பை யாருடையது? உள்ளூராட்சி சபையுடையது. சபையின் எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாமல் தனியார் எவரும் கிரெடிட்டுக்கு உரிமை கோர முடியாது. திட்ட ஆவணம், பதிவு, காலத்துக்குக் காலம் வரும் கணக்காய்வு ஆகியவற்றின் செலவும் மேடு சிறிதென்பதற்காக அந்த அளவுக்குக் குறைந்துவிடாது. ஆகவே தனியொரு சிறு மேடு கட்டுப்படியாகாது. பல சபைகள் ஒன்றுசேர்ந்தால் யோசிக்கலாம்.

அதற்காகக் கதவு அடைபட்டுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாரிஸ் உடன்படிக்கையின் புதிய பொறிமுறை 2025 ஒக்டோபரில் ஏற்றுக்கொண்ட முதல் கணக்கிடும் முறையே குப்பை மேட்டு வாயுவுக்கானது. நம் நாட்டிலும் முன்னுதாரணங்கள் உண்டு. பதல்கமையில் சிரட்டைக்கரி உற்பத்தியோடு மின்சாரம் எடுக்கும் ஆலையும், திருகோணமலையில் டோக்கியோ சீமெந்தின் உயிர்த்திணிவு மின் நிலையமும் பழைய பொறிமுறையின் கீழ் பதிவு பெற்றவை. இரண்டிலும் தொழில் தனக்கென ஒரு வருமானத்தைக் கொண்டிருந்தது, காபன் பணம் மேலதிகமாக வந்தது. நமக்கான பாடம் இதுதான். ஈரக் குப்பையை வேறாக்கிக் கூட்டுப்பசளை செய்தால் மெதேன் உண்டாவதே குறையும், பசளையையும் விற்கலாம். கிரெடிட் கிடைத்தால் அது இலாபத்தின் மேல் இலாபம்.

ஆகவே, முதல் போடுமுன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: சபையின் ஒப்பந்தம் எங்கே? வாயுவை அளந்த அறிக்கை எங்கே? வாங்குபவர் யார்? கிரெடிட் விலை பூச்சியமானாலும் தொழில் நிற்குமா? இன்னும் உருவாகாத கிரெடிட்டை முன்கூட்டி விற்கும் ஒப்பந்தம் என்றால், கையொப்பமிடுமுன் உலமாக்களிடமும் சட்டத்தரணியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. சுற்றாடல் அமைச்சின் கீழுள்ள இலங்கை காலநிலை நிதியத்தில் விசாரிப்பதும் அவசியம்.

நண்பர் இந்த நான்கையும் அந்த மனிதரிடம் கேட்டிருக்கிறார். முதல் கேள்விக்கே "அது பிறகு எடுக்கலாம்" என்று பதில் வந்ததாம். பணம் இன்னும் நண்பரின் கையில்தான் இருக்கிறது.