கல்லிடுக்கில் வளரும் களைகள்

மழை ஓய்ந்த சில நாள்களில், வீட்டு முற்றத்தில் பதித்த கற்களின் இடுக்குகளில் களைகள் தலைகாட்டத் தொடங்கும். அவை கற்களுக்கு அடியிலிருந்தே கிளம்புகின்றன என்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலானவை மேலிருந்தே வருகின்றன. காற்றில் வரும் புழுதியும் சருகுத் தூளும் இடுக்கில் படிந்து மண்ணாகின்றன; அதில் விழும் விதை ஈரம் கண்டதும் முளைக்கிறது. ஆதலால் கற்களுக்கு அடியில் விரிப்பு இடுவதால் மட்டும் இத்தொல்லை தீர்ந்துவிடாது.

அகற்றும் முறை களைக்குக் களை வேறுபடும். அம்மான் பச்சரிசி, குப்பைமேனி போன்றவை விதையால் பரவுபவை. மண் ஈரமாக இருக்கும்போது பிடுங்கினால் வேரோடு வந்துவிடும். பூத்து விதைக்கும் வரை விட்டுவைத்தால், வட்டிக்கு வட்டி ஏறுவது போல் அடுத்த மழையில் பன்மடங்காகும். அருகம்புல் கணுதோறும் வேர்விடும். கோரைக்கு மண்ணுக்குள் கிழங்குகள் தொடராக அமைந்துள்ளன. மேலே பறித்தால் மீண்டும் துளிர்க்கும். அத்தகைய இடங்களில் ஓரிரு கற்களைப் பெயர்த்து, கிழங்கைத் தோண்டி எடுத்து, மணல் பரப்பிக் கற்களை மீண்டும் பதிப்பது நல்லது.

1955-இல் புனேயில் கவனத்திற்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் தோல் ஒவ்வாமையையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கக்கூடியது. அதனைப் பூக்குமுன், கையுறை அணிந்து அகற்றுதல் வேண்டும்.

சிலர் உப்பைத் தூவுகின்றனர். அது மழைநீரில் கரைந்து அருகிலுள்ள செடிகளின் வேரையும் சென்றடையும். செங்கல்லின் மேற்பரப்பும் நாளடைவில் உதிரும். களைக்கொல்லிகளிலும் எச்சரிக்கை தேவை. கிளைபோசேட் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே என வரையறுத்து, 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில், கிணற்றுக்கு அருகில், நஞ்சைத் தெளிப்பது தகாது. இளங்களைகளுக்குக் கொதிநீரே போதும். ஊற்றும்போது காலில் செருப்பு அவசியம்.

தொல்லை தாங்காமல் முற்றம் முழுவதையும் சிமெண்ட்டால் மூடுவோரும் உளர். களை மறையும், ஆனால் மழைநீர் நிலத்தில் இறங்கும் வழியும் அடைபடும். வேனிலில் கிணறு வற்றும்போது அதன் இழப்பு புலப்படும்.

எளிய வழி ஒன்று உண்டு. களையெடுத்த இடுக்கிலுள்ள பழைய மண்ணைச் சுரண்டி நீக்குங்கள். உலர்ந்த மணலைத் தூவி, இடுக்கு நிரம்பும் வரை துடைப்பத்தால் தள்ளுங்கள். அதன்பின் வாரம் ஒருமுறை முற்றத்தைப் பெருக்கி வந்தால் விதை தங்குவதற்கு மண் சேராது. இப்பணியைப் பருவமழைக்கு முன்பே முடித்துக்கொள்வது நலம்.