குடிமைச் சமுதாயமும் ஏழையும்

குடும்பம் இன்னதென யாவரும் அறிவர். அரசு இன்னதெனவும் அறிவர். இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதொன்று உண்டென்றும், அதனைத் தனித்து ஆராய்தல் வேண்டுமென்றும் விளக்கியவர் ஜெர்மானியத் தத்துவ ஞானியாகிய ஹெகல். பெர்லின் சர்வகலாசாலையில் ஆசிரியராயிருந்த அவர், 1821-ஆம் ஆண்டினதாக வெளியிட்ட உரிமைத் தத்துவ நூலில் இதனைக் கூறினார். அம்மூன்றாவதனை நாம் ஈண்டுக் குடிமைச் சமுதாயம் என்போம்.

சந்தையில் தானியம் விற்போன் தன் இலாபத்தையே கருதுகின்றான். வாங்குவோன் தன் பசியையே கருதுகின்றான். ஆயினும் ஒருவனது தேவையை மற்றொருவனது உழைப்பே நிறைவேற்றுகின்றது. தன்னலம் நாடுவோர் தம்மையறியாமலே பிறரைச் சார்ந்து வாழும் இப்பிணைப்பினை ஹெகல் ‘தேவைகளின் அமைப்பு’ என்றார். நீதிமன்றமும், பொதுநலங் காக்கும் அதிகாரமும், தொழிற்குழுக்களும் இதனோடு சேர்ந்தனவே குடிமைச் சமுதாயம். இதன்கண் எழும் பிணக்குகளை மேலான அரசு இணக்கிவைக்கும் என்பது அவர் துணிபு.

எனினும் வறுமைக்கு அவர் தீர்வு காணவில்லை. உழைப்பின்றி உணவளித்தால் ஏழையின் தன்மதிப்புக் குன்றும். வேலையளித்தாலோ, வாங்குவோரின்றிப் பண்டங்கள் தேங்கும். செல்வம் மிகுந்தும் வறுமையைத் தடுக்கப் போதிய செல்வம் இச்சமுதாயத்திற்கு இல்லையென அவரே ஒப்புக்கொண்டார். இந்நேர்மை போற்றத்தக்கது.

இவ்விடத்திலேதான் கார்ல் மார்க்ஸ் மறுப்பைத் தொடங்கினார். காட்டில் விழுந்து கிடக்கும் விறகை ஏழைகள் பொறுக்குதல் பழைய வழக்கம். அதனைத் திருட்டென விதிக்க ரைன் மாகாணச் சபையார் முற்பட்டதை அவர் 1842-இல் பத்திரிகையிற் கண்டித்தெழுதினார். பொதுவாயிருக்கவேண்டிய சட்டம் காட்டுடையோரின் ஏவலாளாயிற்று என்று கண்டார். அரசு குடிமைச் சமுதாயத்தைத் தாங்கவில்லை, அச்சமுதாயமே அரசைத் தாங்குகின்றது என 1843-இல் ஹெகலை மறுத்தெழுதினார்.

ஆயின், அரசே அனைத்தையும் தன்னுள் அடக்கிக்கொண்டால் ஏழைக்கு விடிவுண்டாமோ? மார்க்ஸின் பெயரால் 1949-இல் நிறுவப்பெற்ற கிழக்கு ஜெர்மனியில் சங்கங்களும் பத்திரிகைகளும் ஆளுங்கட்சிக்கு அடங்கியே இயங்கின. 1989-இல் லைப்ஸிக் நகரத்துப் புனித நிக்கொலாஸ் ஆலயத்தில் திங்கட்கிழமை தோறும் ஜெபத்திற்குக் கூடியோர், பின்பு வீதியில் அமைதியாக அணிவகுத்தனர். அரசுக்கு உட்படாத ஓரிடம் மக்களுக்கு வேண்டுமென்பது அப்போது விளங்கிற்று.

ஜெர்மன் மொழியில் ‘பியூர்கர்’ என்னும் ஒரே சொல் பொருள் தேடும் நகரத்தானையும், உரிமையுடைய குடிமகனையும் குறிக்கும். முன்னவனுக்குச் சந்தை போதும். பின்னவனுக்கு அது போதாது. விறகு பொறுக்கும் ஏழையும் குடிமகனாய் நிற்க இடமளிக்கின்றதா என்பதே எச்சமுதாயத்திற்கும் உரைகல் என்பது நம் கருத்து.