கல்லாப்பெட்டி அருகே ஓர் அந்நியன்

பிரௌசரில் இலவசமாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்களுக்குச் சிறு வியாபாரிகள் பெரிய விலை கொடுக்க நேரலாம்.

2024 டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். அமெரிக்காவின் சைபர்ஹேவன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. கூகுளின் விதிகளை மீறியதால் நிறுவனத்தின் குரோம் எக்ஸ்டென்ஷன் நீக்கப்படும் என்றது அந்தக் கடிதம். ஊழியர் ஒருவர் அதிலிருந்த இணைப்பை அழுத்தி, கேட்ட அனுமதியைக் கொடுத்தார். கடிதம் போலி. மறுநாளே அந்த எக்ஸ்டென்ஷனின் நச்சு கலந்த பதிப்பை வெளியிட்டுவிட்டார்கள் திருடர்கள். அதைப் பயன்படுத்தி வந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். திருடர்களின் முக்கியக் குறி, ஃபேஸ்புக்கில் விளம்பரம் செய்வோரின் கணக்குகள்.

இதில் வேடிக்கை, சைபர்ஹேவனின் தொழிலே தகவல் பாதுகாப்பு என்பதுதான். அவர்களுக்கே இந்த கதி என்றால், ஜிஎஸ்டி கணக்கு, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் ஆர்டர் எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளும் சூரத் ஜவுளி வியாபாரியும் லூதியானா பின்னலாடை உற்பத்தியாளரும் எம்மாத்திரம்?

பிரௌசரோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் குட்டி புரோகிராம்தான் எக்ஸ்டென்ஷன். பிடிஎஃப் மாற்ற ஒன்று, விளம்பரங்களைத் தடுக்க ஒன்று, ஒரே செய்தியை நூறு வாடிக்கையாளர்களுக்கு அனுப்ப ஒன்று என்று வகைவகையாகக் கிடைக்கின்றன. சேர்க்கும்போது, 'எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்' பல எக்ஸ்டென்ஷன்கள் அனுமதி கேட்கும். யாரும் நின்று படிப்பதில்லை. அனுமதித்துவிட்டால், திரையில் தெரியும் வங்கி இருப்பும் தட்டச்சு செய்யும் பாஸ்வேர்டும் அதன் கண்ணில் படும். ஓடிபி இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. ஓடிபி கொடுத்து உள்ளே நுழைந்த பிறகு பிரௌசரில் பதியும் அடையாளத்தைத் திருடினால், பல தளங்களில் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்துவிடலாம்.

நல்லதாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஆபத்து தீராது. 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்ற எக்ஸ்டென்ஷனை 20 லட்சம் பேருக்கு மேல் நம்பினார்கள். 2020இல் அதை உருவாக்கியவர் வேறொருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில், அதில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி கூகுள் நீக்கியது. கடைக்காரர் அனுமதி கொடுத்தது பழைய முதலாளிக்கு; சாவி போய்ச் சேர்ந்தது புதியவரிடம். புதிய பதிப்புகள் தானாகவே வந்து இறங்குவதால், கூடுதல் அனுமதி தேவைப்படாதவரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

வீட்டுக் கம்ப்யூட்டரும் கடைக் கம்ப்யூட்டரும் ஒரே கூகுள் கணக்கில் இணைந்திருந்தால் சிக்கல் இன்னும் அதிகம். வீட்டில் பையன் விளையாட்டுக்காகச் சேர்த்த எக்ஸ்டென்ஷன் கடைக்கும் வந்துவிடும்.

சேதம் முதலாளியோடு நிற்பதில்லை. பல வியாபாரிகளின் கணக்கைப் பார்க்கும் ஒரே ஒரு கணக்கரின் பிரௌசர் கெட்டால், அத்தனை பேரின் ரகசியமும் வெளியே போகும். தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் வாடிக்கையாளர் விவரங்களைக் கசியவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வழி செய்திருக்கிறது.

தற்காப்புக்குச் செலவு ஏதுமில்லை. வங்கிக்கும் ஜிஎஸ்டிக்கும் எக்ஸ்டென்ஷனே இல்லாத தனி பிரௌசரை வைத்துக்கொள்ளலாம். மற்றதில் மாதம் ஒருமுறை பட்டியலைத் திறந்து, தேவையற்றவற்றை நீக்கலாம். மிஞ்சியவற்றுக்கு, 'கிளிக் செய்யும்போது மட்டும்' என்று அனுமதியைச் சுருக்கலாம்.

சந்தேகம் வந்தால் எக்ஸ்டென்ஷனை நீக்குவது மட்டும் போதாது. திருடு போன அடையாளம் திருடனிடமே இருக்கும். எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியேறி, வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும். பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் சொல்ல வேண்டும்.

கடையில் புதிதாக ஓர் ஆளை வேலைக்கு வைக்கும் முன் ஊர், பேர் விசாரிப்பவர்கள்தான் நம் வியாபாரிகள். சம்பளம் கேட்காமல் கல்லாப்பெட்டி பக்கத்தில் வந்து உட்காரும் இந்த ஆளையும் அவர்கள் விசாரிப்பது நல்லது.