பதக்க விளிம்பில் இருந்த நம்பர்

பெங்களூர் அல்சூரில் லைன் வீடு ஒன்றில் குடியிருக்கும் ஸ்டோர்ஸ் குமாஸ்தா ஒருவர், சென்ற பங்குனியில் தம் தாத்தாவுக்கு முதல் தடவையாகத் திதி கொடுத்தார். தாத்தா இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எந்த நாளில் இறந்தார் என்பது இத்தனை காலமும் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. பாட்டிக்கோ அவர் இறந்ததே தெரியாது.

போளூர்ப் பக்கத்துக் கிராமம் அவர்களுக்குச் சொந்த ஊர். இரண்டாம் உலகப் போர் நடந்தபோது தாத்தா பெங்களூர் வந்து மதராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். 1834 முதல் அந்தப் படைக்குப் பெங்களூர்தான் தலைமையிடம். பர்மா பக்கம் போவதாக ஒரு கடிதம் வந்தது. அப்புறம் கடிதம் இல்லை. ஆனால் மாதாமாதம் மணியார்டர் வந்தது. பாட்டி அதை "சம்பளம்" என்றே சொல்லி வாங்கி வந்தார். போர் முடிந்த பிறகு தாலுகா ஆபீசில் இருந்து ஒரு பதக்கமும் வந்தது. "செத்தவனுக்கு சர்க்கார் மெடல் கொடுக்குமா?" என்பது பாட்டியின் வாதம். 1987-ல் கண்ணை மூடும் வரையில் அவர் குங்குமத்தை அழிக்கவில்லை. ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க மகனை விடவும் இல்லை.

வந்த பணம் குடும்பப் பென்ஷன். மாமனார் தந்தியை வாங்கி மறைத்தாரா, தந்தியே வரவில்லையா என்று சொல்ல இன்று ஆள் இல்லை.

பேர் ஒன்று, எழுத்து ஆயிரம்

போரில் மாண்டவர்களின் பட்டியல் இன்டர்நெட்டில் இருப்பதாக ஆபீசில் யாரோ சொல்ல, குமாஸ்தா மகளை உட்கார்த்தி வைத்துத் தேடத் தொடங்கினார். பட்டியலை வைத்திருப்பது காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம். 1917-ல் அமைக்கப்பட்டது. இரண்டு உலகப் போர்களிலும் இறந்த சுமார் 17 லட்சம் பேர் அதில் அடக்கம். பார்க்கக் கட்டணம் கிடையாது.

தாத்தாவின் பெயரைப் போட்டதும் வந்த பதில்: ஒன்றும் இல்லை. எழுத்தை மாற்றிப் போட்டால் ஒரே பெயரில் பல பேர்!

நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதிய ராணுவக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். முனுசாமி என்ற பெயரையே எடுத்துக் கொள்ளுங்கள். முதலில் 'யூ' போட்டவர் உண்டு, இரண்டு 'ஓ' போட்டவர் உண்டு. 'சாமி'யில் 'டபிள்யூ' வரும், வராமலும் போகும். முடிவில் 'ஐ' அல்லது 'ஒய்'. இயந்திரத்துக்கு இவை எல்லாம் வெவ்வேறு ஆட்கள். தவிரவும், நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஒற்றைப் பெயராக இருந்தால் அதைக் குடும்பப் பெயருக்கான கட்டத்திலேயே போட வேண்டும். மற்றதைக் காலியாக விட வேண்டும். தகப்பனார் பெயரின் இனிஷியலைப் போட்டால் காரியம் கெட்டது. குமாஸ்தா வீட்டில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின.

நாலாவது வாரம் ஊரில் இருந்து டிரங்குப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிரிட்டனில் அதே போர்ப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்ததில் நம்பரும் பெயரும் படையும் வெட்டி இருக்கும். புளி போட்டுத் தேய்த்ததும் விளிம்பில் நம்பர் தெரிந்தது. அந்த நம்பரை மட்டும் போட்டார்கள். வந்தது ஒரே ஓர் ஆள்.

தகப்பனார் பெயர் சரி. "போளூர், வட ஆற்காடு" என்பதும் சரி. (வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் பிரிந்து, போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. பழைய பட்டியலில் தேடுகிறவர்கள் பழைய ஜில்லாவைத்தான் நினைவில் வைக்க வேண்டும்.) இறந்த நாள் 1944 மார்ச் மாதத்தில் ஒரு தேதி. கல்லறை இல்லை, ரங்கூன் நினைவுச் சின்னத்தில் பெயர் பொறித்திருக்கிறார்கள். யாங்கோனுக்கு வடக்கே தௌக்கியானில் உள்ள அந்தத் தூண்களில், கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரின் பெயர்கள் இருக்கின்றன.

தேதியை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போனார் குமாஸ்தா. பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டி, சுபானு வருஷம் பங்குனி மாதம் தேய்பிறை தசமி என்று அவர் கணக்குச் சொன்னார்.

யாருக்கு எந்தப் பட்டியல்?

இந்தப் பட்டியலில் இருப்பவர்கள் மாண்டவர்கள் மட்டுமே. போருக்குப் போய் உயிரோடு திரும்பிய தாத்தாவை இங்கே தேடிப் பயன் இல்லை.

டில்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் "அபிலேக் படல்" என்ற தளம் வேறு மாதிரி. அங்கே இருப்பது பைல்களின் அட்டவணை. இலாகா, ஆண்டு, பைல் நம்பர், பொருள் ஆகியவை வரும். சாதாரண ஆளின் பெயர் பைலுக்குள்ளே தாளில் இருக்குமே தவிரத் தலைப்பில் இராது. ரிக்கார்டு ரூமில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊர், இலாகா, வருஷம் இவற்றை வைத்துத்தான் பைலைப் பிடிக்க வேண்டும்.

1860 முதல் 1911 வரை சென்னையில் இருந்தும் கல்கத்தாவில் இருந்தும் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறிய ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவேடு மிகவும் விரிவானது. பெயரோடு தகப்பனார், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் எழுதி, ஆளுக்கு ஒரு நம்பரும் கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் எழுத்துத் தொல்லை உண்டு. அங்கேயும் நம்பர் கிடைத்தவர் பாக்கியசாலி.

எனவே கம்ப்யூட்டர் முன் உட்காரும் முன்பு வீட்டுப் பரணைப் பார்ப்பது நல்லது. பென்ஷன் புத்தகம், மணியார்டர் துண்டு, பழைய பாஸ், எதையும் பழைய பேப்பர்காரருக்குப் போட்டு விடாதீர்கள்.

அல்சூர் குமாஸ்தாவுக்கு இன்னும் ஒரு வேலை பாக்கி. பட்டியலில் கிராமத்தின் பெயர் உருத் தெரியாமல் சிதைந்திருக்கிறது. ஆதாரம் காட்டினால் ஆணையம் திருத்தம் செய்யும் என்பதால், கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று கேட்டு எழுதி இருக்கிறார். அதற்கு அடுத்த சொல், "இன்னாரின் கணவர்" என்று இருக்கிறது. அதில் பாட்டியின் பெயர் ஓர் எழுத்துக்கூடப் பிழை இல்லாமல் இருக்கிறது.